பிடிதுணிக்கென்று எடுத்த துணி

பனியனின் கழுத்திலும் கை ஓரத்திலும் வைத்துத் தைக்கிற துணிக்கு ரிப் என்று பெயர். இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். கட்டிங் மேசையில் விழும் ரிப் துண்டுகள் வேஸ்ட் மூட்டைக்குப் போகும். நான் வேலை பார்த்த கம்பெனிகளில் எல்லாம் அந்த மூட்டையிலிருந்து சில துண்டுகளை எடுத்து மடியில் செருகிக்கொள்வேன். யாராவது கேட்டால், "பிடிதுணிக்குங்க" என்பேன். அடுப்பிலிருந்து சட்டியை இறக்க எல்லா வீட்டுக்கும் பிடிதுணி வேண்டும்தானே. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

மருமகள் கவிதா மட்டும் ஒரு தடவை கேட்டாள். "ஏனுங்கத்தை, வாராவாரம் எடுத்துட்டு வர்றீங்க, ஊட்டுல பார்த்தா பழைய துண்டுதான் கிடக்குது. பிடிதுணிய எல்லாம் தின்னுபோடறீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கிழிஞ்சு போச்சு கண்ணு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்தத் துணி எதற்கு என்பதை வாயால் சொல்ல எனக்கு வராது. ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து வரும். அதனால் எழுதுகிறேன். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்கிற பொம்பளைகள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் யாராவது படிக்கட்டும்.

எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. 'அடி இறங்கிப்போச்சு' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதையும் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். சின்னவன் குமார் பிறந்தபோது நான் பிளீச்சிங் பட்டறையில் இருந்தேன். உடம்பு தேறுவதற்கு முன்பே கூப்பிட்டார்கள், போய்விட்டேன். தொட்டியிலிருந்து எடுக்கிற ஈரத்துணி கல்லைப் போலக் கனக்கும். அதைத் தூக்கித் தூக்கி வண்டியில் போட வேண்டும். கொஞ்ச நாளில் அடிவயிற்றில் ஏதோ தொங்குவதுபோல இருந்தது. பிறகு சாயங்காலமானால் வெளியே தெரிந்தது. கடைசியில் எந்நேரமும் வெளியேதான்.

கையால் உள்ளே தள்ளிவிட்டு, ரிப்பை மடித்து வைத்து, நாடாவால் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டால் வேலை முடிகிற வரைக்கும் செக்கிங் மேசையில் நிற்கலாம். வேறு துணி நிற்காது, ரிப்தான் பிடித்துக்கொள்ளும். அதிலும் வெள்ளையாகப் பார்த்து எடுப்பேன். சாயத்துணி கெடுதல், வெள்ளை சுத்தம் என்று என் நினைப்பு. ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். கம்பெனிக் கக்கூஸில் கதவு சரியாகச் சாத்தாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் ரொம்ப வருசமாகிறது.

நாங்கள் இருப்பது நெருப்பெரிச்சல் பக்கம், லைன் வீடு. பிரஷர், சர்க்கரைக்காரர்களுக்கு இப்போது மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு புள்ள வரும். மாதம் ஒரு தடவை கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கும், மாத்திரை கொடுக்கும், "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குங்களா அம்மா?" என்று கேட்கும். ஒண்ணுமில்லீங்க என்பேன். கவர்மெண்டே வாசல் வரைக்கும் வந்து மாதாமாதம் கேட்டிருக்கிறது. நான்தான் மாதாமாதம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு மாதம் அந்தப் புள்ள என் காலைப் பார்த்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தியது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அதன் முகம் மாறிப்போயிற்று. கவிதாவைக் கூப்பிட்டு, நாளைக்கே ரத்தம் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றார்கள். அது உடம்பில் சேருகிற ஒரு கழிவு. கிட்னி நன்றாக இருந்தால் ஒண்ணுக்கோடு போய்விடும். கிட்னி சோர்ந்துபோனால் ரத்தத்திலேயே தங்கிவிடும். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குமாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காத்திருக்க வேண்டாம் என்று டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே எல்லாம் பளபளவென்று இருந்தது. நான் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். போட்டுக்கொண்டே வரலாம் என்றார்கள். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் நீர் கட்டி உப்பியிருந்தன. கல் இல்லை, கட்டி இல்லை, ஏன் கட்டியது என்று தெரியவில்லை. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். பக்கத்தில் குமார் நின்றிருந்தான். இல்லீங்க என்றேன். கால் வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

உள்ளே சேர்த்து, குழாய் வைத்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்யவேண்டும் என்றார்கள். கிட்னி செய்கிற வேலையை ஒரு மெஷினை வைத்துச் செய்வதுதான் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, அலசி, திரும்ப உள்ளே விடுவார்கள். அங்கே சொன்ன செலவு குமாருக்குத் தாங்காது. அவன் ஓவர்லாக் டெய்லர். தைத்தால் காசு, தைக்காத நாளில் இல்லை. காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள். என் பேர் மடத்துக்குளத்தில் இருக்கிற மூத்த மகன் குடும்பத்து அட்டையில் இருந்தது. அவனும் குமாரும் பேசிக்கொள்வதில்லை. கவிதா போன் போட்டுச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானமே பெரியவன் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அட்டையைப் பார்த்த பெண், இந்த வைத்தியத்தில் பாதி இங்கே அட்டையில் வராது, கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் வரும் என்று பொறுமையாகச் சொன்னாள். அண்ணனும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கவிதாதான் என் பையைக் கையில் எடுத்தாள். "பெரியாஸ்பத்திரிக்கே போலாங்க" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பளபளப்பு இல்லை, கூட்டம் இருந்தது. ஸ்ட்ரெச்சர் கிடைக்கும் வரை ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்தேன். நீர் அளவு பார்ப்பதற்காக டியூப் போடவேண்டும் என்று ஒரு நர்ஸம்மா வந்து திரையை இழுத்துவிட்டார். சேலையைத் தூக்கப் போனார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடுங்கம்மா. நான் பாக்காததா?"

எடுக்கவில்லை. கவிதா என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். நர்ஸம்மா முடிச்சை அவிழ்த்தார். துணியை எடுத்துத் தட்டில் வைத்தார். அதில் ரத்தக் கறை இருந்தது. கவிதா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானுங்களா அத்தை, பிடிதுணி?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. என் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

பெண்கள் பிரிவிலிருந்து வந்த டாக்டர் சின்ன வயசு. கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினார். "தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற ஓஸை மடக்கிப் பிடிச்சா பின்னாடி உப்பிக்கிட்டு நிக்குமில்ல பாட்டி? உங்களுக்கு உள்ள அப்படித்தான் ஆயிருக்கு" என்றார். கர்ப்பப்பை இறங்கும்போது நீர்ப்பையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கிட்னியிலிருந்து நீர் வருகிற குழாய் இரண்டும் மடங்கிப்போயின. நீர் போக வழியில்லாமல் கிட்னி உப்பிவிட்டது. மடக்கை எடுத்துவிட்டால் கிட்னி தேறலாம். தேறாவிட்டால் ஆயுசுக்கும் வாரத்தில் பல நாள் அந்த மெஷினில் படுக்கவேண்டும். கர்ப்பப்பையை எடுப்பதுதான் வைத்தியம். ஆனால் துணி உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. புண் ஆறாமல் கத்தி வைக்கமுடியாது. புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

என்ன துணி என்று கேட்டார். பிளீச் பண்ணின வெள்ளைங்க, சுத்தமா இருக்கட்டும்னு, என்றேன். "பிளீச்தான் பாட்டி புண்ணை இன்னும் ஆறவிடாம வெச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாள். சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. மகளோடு முதலிபாளையத்துக்கு வந்து கம்பெனி வேலையில் இருந்தவள். என்னைவிட வயசில் சின்னவள். மஞ்சள் மருந்தில் நனைத்த நீளத் துணியை எனக்கு உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். கர்ப்பப்பையை மேலே நிறுத்தவும், புண் ஆறவும் அது. தினமும் மாற்றுவார்கள், உயிர் போகும். முதல் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யக்கா, ஒங்களுக்கும் இதேதானா? நீங்க என்ன துணி வச்சிய?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கேட்டது ஒரு பொம்பளை, அதுவும் படுத்திருக்கிற பொம்பளை. ரிப்புங்க என்று மெதுவாகச் சொன்னேன்.

"ரிப்பா! நீங்க பெரிய எடம். எங்க கம்பெனியில ரிப்பை எண்ணி வைப்பாவ. எனக்கு இன்டர்லாக்குதான். அது நாலு நடைக்கு நழுவிரும்."

சிரித்துவிட்டேன். சிரித்ததில் டியூப் இழுத்துக்கொண்டு வலித்தது. அவளுக்கும் வலித்திருக்க வேண்டும், ஆத்தா ஆத்தா என்றுகொண்டே சிரித்தாள். அத்தனை வருசத்தில் அதைப் பற்றி நான் பேசிய முதல் பேச்சு, துணிக்கடையில் நின்று துணி பார்க்கிற பேச்சுபோல இருந்தது.

எனக்குச் சதை எடுத்த அன்றைக்குத்தான் அவளுக்கும் எடுத்தார்கள். பிறகு காத்திருப்பு. காலையில் ரத்தம் எடுப்பார்கள், கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பார்கள், மறுநாள் அங்கேயே நிற்கிறது என்பார்கள். நான் அந்தப் பெயரையே சரியாகச் சொல்லப் பழகிவிட்டேன். கவிதா அரை ஷிப்ட் போட்டுவிட்டு ரசம் சாதத்தோடு வருவாள். கம்பெனியில் சூப்பர்வைசர் ஏசுகிறான் என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சிரித்த முகமாக வருவாள். ஆம்பளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். குமார் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று இளநீர் கொடுத்தனுப்புவான். டாக்டரம்மா அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று தெரிந்த நாளில் இளநீர் வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கவிதா குனிந்து, "நான் பொறந்ததுனாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சான்னு கேட்டு அழுவறாருங்க" என்றாள்.

"ஈரத்துணி தூக்குனதுனாலன்னு சொல்லு கண்ணு. அவனாலன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லை."

பகலெல்லாம் நர்ஸம்மாவிலிருந்து கூட்டுகிற அம்மா வரை வம்பிழுக்கிற பேச்சியம்மாளிடம், விளக்கு அணைந்த பிறகு சத்தமே இருக்காது. எனக்கும் தூக்கம் வராது. ஒரு தடவை, யக்கா முழிச்சிருக்கியளா என்றாள். ஆமாங்க என்றேன். கையை நீட்டிக் கட்டில் கம்பியைத் தொட்டேன். அவள் கையும் அங்கே இருந்தது.

இரண்டு பேருக்கும் முடிவு ஒரே நாளில் வந்தது. டாக்டர் முதலில் என்னிடம் வந்தார். புற்று இல்லை பாட்டி, புண்ணும் ஆறிட்டு வருது, அடுத்த வாரம் ஆபரேசன் என்றார். நான் கும்பிட்டேன். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மகள் ஷிப்டில் இருக்கிறாள் என்றாள் பேச்சியம்மாள். சரி, நாளைக்கு மகளை வரச்சொல்லுங்க, பேசலாம் என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பேச்சியம்மாள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கு ஒங்கட்டயே சொல்லிட்டாவ. எனக்கு ஆள் கூட்டியாரச் சொல்லுதாவ. அப்போ அதுதான் யக்கா."

எனக்கு என் சந்தோசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அவளுக்குக் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். வெளிச்சம்போல ஒன்றைப் பாய்ச்சிப் புற்றைக் கருக்குவார்களாம், உடம்பில் ஒன்றும் தெரியாதாம். கோயமுத்தூரில் வைப்பார்கள். பல வாரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை தவிர தினம் போகவேண்டும். காசு வேண்டாம், அட்டையிலேயே முடிந்துவிடும். அவளுடைய ஊர் அட்டை இங்கேயும் செல்லும் என்றார்கள், அது நல்ல காரியம்தான். ஆனால் அவள் தனியாகப் போகிற நிலையில் இல்லை. மகள் கூடப் போனால் மகளுக்கு வேலை போகும். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, கோயமுத்தூர் பஸ்ஸுக்கு உண்டு. வைத்தியத்துக்குக் காசு வேண்டாமென்று ஆக்கிவிட்டார்கள். வைத்தியம் இருக்கிற இடத்துக்குத் தினமும் போய்ச் சேருவதற்கு வழி வைக்கவில்லை. அவளை அனுப்பிய அன்றைக்கு என் கட்டிலண்டை வந்து, "ரிப்பை எல்லாம் எனக்கு எழுதி வச்சிருங்க யக்கா" என்று சொல்லிவிட்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

என் ஆபரேசனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போபோல ஆகிவிட்டது. முழிப்பாகத்தான் இருந்தேன். தலைமாட்டில் நின்ற ஒரு டாக்டர், என்ன ஊர், என்ன வேலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வார்டுக்கு வந்த பிறகு மரத்துப்போனது தெளிந்தது. அதன் பிறகு வலி. அதைவிட, பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்முன் திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு கிட்னி தேறியிருந்தது. இன்னொன்று தேறவில்லை, சுருங்கிப்போய்விட்டது. முன்னாடியே வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம் பாட்டி, இருக்கறத பத்திரமா வெச்சுக்கங்க, நெறையத் தண்ணி குடிங்க என்றார் டாக்டர். மெஷின் இப்போதைக்கு வேண்டாம். இப்போதைக்கு என்ற வார்த்தையைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பேச்சியம்மாளுக்கு நடுவில் போன் போடச் சொல்லிக் கவிதாவிடம் கேட்டேன். முதல் தடவை அவளே பேசினாள். "கரண்டு நல்லாத்தான் இருக்கு, பஸ்ஸுதான் ஆளைக் கொல்லுது" என்று சிரித்தாள். அடுத்த தடவை மகள் எடுத்தாள். பாதியிலேயே அம்மா போதும் என்று சொல்லிவிட்டதாகவும், நீ வேலைக்குப் போ என்று விரட்டிவிட்டதாகவும் சொன்னாள். அதற்கடுத்த தடவை, அம்மாவை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தாயிற்று என்றாள். நான் போனைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இப்போதெல்லாம் எது வந்தாலும் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, எங்கள் தெருவிலேயே இருக்கிற சின்னக் கம்பெனியில் உட்கார்ந்து, தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறு நூலை வெட்டப் போனேன். கனம் தூக்கக்கூடாது, கத்தரி பிடிக்கலாம். அங்கே ஒரு பொம்பளை இருந்தாள், குமார் வயசுதான் இருக்கும். அவள் பேரை எழுதப்போவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது அவள் வேஸ்ட் மூட்டையண்டை குனிந்திருந்தாள். கையில் வெள்ளை ரிப். நல்ல துண்டாகப் பார்த்து இழுத்து இழுத்து, சுருங்குகிறதா என்று சோதித்து எடுத்தாள்.

எதுக்குங்க அம்மிணி என்று கேட்டேன்.

"பிடிதுணிக்குங்க" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நான் பேசத் தெரியாதவள். என்ன சொல்வதென்று பேச்சியம்மாளுக்குத் தெரிந்திருக்கும், அவள் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிடுவாள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன். அவளண்டை போய் அந்தத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் முப்பது வருசமா பிடிதுணிக்குன்னுதான் எடுத்தேன் கண்ணு."

அவள் துணியை விடவில்லை, நானும் விடவில்லை. ரிப் எங்கள் இருவர் கைக்கும் நடுவில் நீண்டது. அவள் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு லீவு சொல்லிரு. கெழவிக்கு ஒடம்புக்கு முடியலை, கூடப் போறேன்னு சொல்லிக்க."

மறுநாள் காலையில் வந்தாள். பஸ் படியில் என் கையைப் பிடித்து ஏற்றினாள், பார்க்கிறவர்களுக்காக. பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற வரிசையில் என் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றாள். ஜன்னலண்டை வந்ததும் உள்ளே இருந்தவர் நிமிராமல், யார் பேருக்கு என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சொல்லுங்க என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அவள் என் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, தன் பேரைச் சொன்னாள்.